ஷிஃப்ட் பார்த்த விளக்கு

எங்கள் தெருவில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. காய்கறிக்காரரிலிருந்து தபால்காரர் வரை எல்லோருக்கும் அவர் சிஸ்டர்தான். பெரிய ஆஸ்பத்திரியில் முப்பத்துநாலு வருடம் வேலை பார்த்து, கடைசியில் ஒரு வார்டுக்கே தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் போய்ச் சேர்ந்தபோது மகனுக்கு ஆறு வயது. இரவு டூட்டிக்குப் போகும்போது மகனைப் பக்கத்து வீட்டில் படுக்கவைத்துவிட்டுப் போவாராம். காலையில் வந்து அவனை எழுப்பிப் பள்ளிக்கு அனுப்பிய பிறகுதான் தன் கண்ணை மூடுவாராம். இன்றைக்கும் அந்த டூட்டி அவர் நடையில் இருக்கிறது. செருப்புச் சத்தமே கேட்காது, ஆள் மட்டும் பக்கத்தில் வந்து நிற்பார்.

எதையும் எழுதிவைக்காவிட்டால் அவருக்கு இருப்புக்கொள்ளாது. ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு அட்டை தொங்கும், அதில் கட்டம் போட்ட தாள், பக்கத்தில் நூலில் கட்டிய பென்சில். தண்ணீர் நின்றது எத்தனை மணி, வந்தது எத்தனை மணி, அயர்ன்பாக்ஸ் ப்ளக் சூடானது என்றைக்கு, எல்லாம் அதில் ஏறும். நானும் ஏறியிருக்கிறேன். "தம்பி, பத்து மணிக்கு வர்றேன்னு சொன்ன. நீ உள்ள வந்தது பத்து நாப்பது" என்று கோபமே இல்லாமல் சொல்லிவிட்டுப் பென்சிலை எடுப்பார். அந்தப் பென்சிலைக் கண்டாலே எனக்கு எரிச்சலாக வரும். நான் இந்த வட்டாரத்தில் இருபது வருட எலக்ட்ரீஷியன். நாலு பேர் என்னைக் கெட்டிக்காரன் என்று சொன்னதை நாற்பது பேர் சொன்னதாக எடுத்துக்கொண்டு நடமாடுகிற ஆள். என்னிடம் போய் நேரக் கணக்கா?

அந்த மண்டைக்கனத்துக்கு வாங்கிக் கட்டிக்கொண்ட கதைதான் இது. வாங்கியது நான், வலி அனுபவித்தது அவர். அதனால்தான் இன்னும் சொல்ல வாய் கூசுகிறது.

சிஸ்டர் இரண்டாவது மாடியில் தனியாக இருக்கிறார். கட்டிலிலிருந்து எட்டடி தள்ளி, கதவோரத்தில்தான் ஸ்விட்ச். ஒரு நாள் விடிகாலை இருட்டில் எழுந்து நடந்தவர் நாற்காலி தட்டி விழுந்துவிட்டார். மணிக்கட்டு எலும்பில் கீறல் விட்டதோடு தப்பித்தார். வெளியூரில் வேலை பார்க்கும் மகன் பதறிப்போய் ஒரு பெட்டியை அனுப்பிவைத்தார். அதில் ஆறு ஸ்விட்சுகளும், விளக்குகளுக்குள் வைத்தால் போட்டு அணைக்கிற ரிலே என்கிற சின்னச் சின்னத் துண்டுகளும், எல்லாவற்றையும் கட்டி மேய்க்க ஹப் என்கிற வெள்ளை டப்பா ஒன்றும் இருந்தன.

"இதுக்கு பேட்டரி மாத்தணுமா தம்பி? என்னால ஸ்டூல் மேல ஏற முடியாது" என்று கேட்டார் சிஸ்டர்.

"பேட்டரியே கிடையாது சிஸ்டர். வயரும் கிடையாது."

"அப்ப எதுல வேலை செய்யுது?"

"உங்க விரல்ல." எனக்குப் பேச வாய்ப்புக் கிடைத்துவிட்டது. "நீங்க அழுத்துறீங்கல்ல, அந்த வேகத்துல உள்ள இருக்கற காந்தம் நகரும். துளியூண்டு கரண்ட் வரும். அந்தத் துளியில தன்னோட நம்பரை மட்டும் ஒரு தடவை சொல்லிட்டு ஸ்விட்ச் கம்முனு ஆயிடும். ஹப் அதைக் கேட்டு லைட்டைப் போடும்."

அவர் ஒன்றைக் கையில் வாங்கி அழுத்திப் பார்த்தார். டக். "நல்லா இருக்கே! கூப்பிட்டாத்தான் பேசுது. எங்க வார்டுல பாதிப் பேர் இப்படி இருந்திருந்தா நான் இன்னும் பத்து வருஷம் வேலை பாத்திருப்பேன்."

சேர்க்கிற முறை எளிது. போனில் ஒரு பொத்தானைத் தொட்டால் ஹப் கற்றுக்கொள்ளும் நிலைக்குப் போகும். அந்த நேரத்தில் யார் நம்பர் காதில் விழுந்தாலும் நம்ம ஆள் என்று பட்டியலில் சேர்த்துக்கொள்ளும். வாசல் ஒரு நிமிடம் திறந்திருந்தால் போதும். ஒரு ஸ்விட்சை அழுத்து, பட்டியலில் வந்ததா பார், வாசலை மூடு, அடுத்ததற்குப் போ. கூடவே வந்த காகிதத்தில் கம்பெனிக்காரன் படம் போட்டுச் சொல்லியிருந்தான். ஆனால் அது கத்துக்குட்டிகளுக்கு என்பது என் எண்ணம். நான் எப்போதும் அந்த நேரத்தைப் பத்து நிமிடமாக மாற்றிவைத்துவிட்டு, வீடு முழுக்க ஒரே சுற்றாக டக் டக் என்று அழுத்திக்கொண்டு வந்துவிடுவேன். ஒரு தடவை நடந்தால் முடிகிற வேலைக்கு ஆறு தடவை நடப்பானேன்?

அன்றைக்கும் அப்படித்தான். சுற்றை முடித்தபோது மகன் போனில் கூப்பிட்டார். பால்கனியில் நின்று அவருக்கு என் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஹப்பின் வாசல் திறந்தே கிடந்தது.

திரும்பி வந்து பட்டியலைப் பார்த்தால் ஏழு. நான் மாட்டியது ஆறு.

பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். ஏதோ ஒன்று இரண்டு தடவை பதிந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் உலகத்திலேயே ஒரே நம்பர்தான், ஒன்று இரண்டாகப் பதியாது என்பது எனக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் எது கூடுதல் என்று தேடினால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து வர வேண்டும். இன்னொரு வீட்டு வேலை வேறு காத்திருந்தது. கடைசியாக அழுத்தியது கட்டிலோர ஸ்விட்ச்தான், அதுவே இன்னொரு தடவை விழுந்திருக்கும் என்று, கடைசியாக வந்த அந்த ஏழாவதுக்கு 'படுக்கையறை 2' என்று பெயர் வைத்து, படுக்கையறை விளக்கோடு கோத்துவிட்டேன். கட்டிலோர ஸ்விட்சை அழுத்தினேன், விளக்கு எரிந்தது. சிஸ்டர் கைதட்டினார். நான் கிளம்பினேன்.

நாலாம் நாள் போன். "தம்பி, படுக்கை ரூம் லைட்டு தானா எரியுது. அப்புறம் தானா அணையுது."

போனேன். ஒவ்வொன்றாக அழுத்தினேன். எல்லாம் ஒழுங்காக வேலை செய்தன. "தூக்கத்துல கை பட்டிருக்கும்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மூன்று வாரம் கழித்து மறுபடியும் கூப்பிட்டார். இந்தத் தடவை மகன் போனில் ஸ்பீக்கரில் இருந்தார். ஃப்ரிட்ஜ் கதவிலிருந்த அட்டை சிஸ்டரின் மடியில் இருந்தது. அதைப் பார்த்ததுமே எனக்கு முகம் சுருங்கியது.

"முதல் வாரம் தினமும் காலைல நாலு பத்துக்கு எரிஞ்சுது, நாலு நாப்பதுக்கு அணைஞ்சுது" என்று வார்டில் டாக்டருக்குச் சொல்கிற மாதிரி வாசித்தார். "ரெண்டாவது வாரம் மத்தியானம் பன்னண்டரைக்கு எரிஞ்சு ஒண்ணு அஞ்சுக்கு அணைஞ்சுது. மூணாவது வாரம் மறுபடியும் காலைல. வாரத்துல ஒரு நாள் எதுவுமே இல்ல. நான் முப்பத்துநாலு வருஷம் டூட்டி பாத்தவ, எனக்குத் தெரியாதா? இந்த லைட்டு ஷிஃப்ட் பாக்குது தம்பி. வீக்லி ஆஃப் வேற எடுக்குது."

போனில் மகன் சிரித்தார். நானும் சிரித்தேன். அடக்க முடியாமல் வந்த சிரிப்பு என்று கூடச் சொல்ல முடியாது. அந்தப் பென்சிலைப் பார்த்துச் சிரிக்க இத்தனை வருடமாகக் காத்திருந்த சிரிப்பு அது. சிஸ்டர் எங்கள் சிரிப்பு முடியும்வரை காத்திருந்து, அட்டையை மறுபடி ஃப்ரிட்ஜில் மாட்டினார்.

படி இறங்கும்போது மகன் என்னைத் தனியாகப் போனில் கூப்பிட்டார். "அண்ணே, உண்மையைச் சொல்லுங்க. என் போன்லயும் பாத்தேன். படுக்கையறை ரெண்டு, அழுத்தப்பட்டதுன்னு நேரத்தோட காட்டுது. யாரும் அழுத்தாம அப்படி வர வாய்ப்பு இருக்கா?"

"சான்ஸே இல்ல சார். பேட்டரி வச்சதுன்னா ஏதோ கோளாறுன்னு சொல்லலாம். இதுல பேட்டரியே கிடையாது. ஒரு விரல் அழுத்தாம இது வாயே திறக்காது."

"அப்ப அம்மாதான் அழுத்திட்டு மறந்துடறாங்களா?"

அந்த இடத்தில் எனக்கு ஏழு ஞாபகம் வந்தது. ஒரு நொடி. அதற்குள் வாய் முந்திக்கொண்டது. "நான் அப்படிச் சொல்லல சார். ஆனா வீட்ல வேற யாரு இருக்காங்க?"

அந்த ஒரு கேள்வியை அவர் எங்கெங்கே தூக்கிக்கொண்டு போவார் என்று நான் யோசிக்கவில்லை. லைட்டைப் போட்டு மறப்பவர் நாளைக்கு கேஸைத் திறந்து மறக்க மாட்டாரா? பத்தே நாளில் மகன் வந்து இறங்கிவிட்டார். ஞாபக மறதிக்கு டாக்டரைப் பார்ப்பது, மாதக் கடைசியில் வீட்டைப் பூட்டிவிட்டு அம்மாவைத் தன்னோடு கூட்டிப்போய்விடுவது என்று முடிவும் செய்துவிட்டார். தெருவே "பாவம் சிஸ்டர்" என்றது. அவர் மட்டும், "எனக்கு ஒண்ணும் இல்லடா, லைட்டைப் பாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம்.

அவர்கள் டாக்டரிடம் போயிருந்த அதே காலையில் முதல் மாடிக்காரர் என்னைக் கூப்பிட்டார். சிஸ்டர் வீட்டுக்கு நேர் கீழ் வீடு. பஸ் ஓட்டுகிறவர், அங்கே குடிவந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. படுக்கையறை விளக்கு மினுக்குகிறதாம். போய்ப் பார்த்தேன், ஹோல்டரில் ஒரு ஸ்க்ரூ லூஸ். முறுக்கிவிட்டுக் கட்டிலோரத்து ஸ்விட்சை அழுத்தினேன். டக். என் சட்டைப் பையில் போன் துடித்தது. கண்டுகொள்ளவில்லை. எலக்ட்ரீஷியன் கை சும்மா இருக்காது, ஒரு ஸ்விட்சைப் பத்துத் தடவை தட்டினால்தான் எங்களுக்குத் திருப்தி. டக், துடிப்பு. டக், துடிப்பு.

போனை எடுத்தேன். சிஸ்டர் வீட்டு ஹப் அதில் இன்னும் இணைந்தே இருந்தது, பக்கத்தில் போனால் மட்டும் எனக்குச் செய்தி வரும்படி வைத்திருந்தேன். 'படுக்கையறை 2: அழுத்தப்பட்டது.' அதற்குக் கீழே அதே வரி, அதற்குக் கீழேயும் அதே வரி.

என் கைக்குக் கீழே இருந்த ஸ்விட்சும் பேட்டரி இல்லாத அதே ரகம். வீட்டுக்காரர் முன்பே மாட்டிவைத்தது. நான் பால்கனியில் பெருமை பேசிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் டிரைவர் இதை ஒரு தடவை அழுத்தியிருக்கிறார். தளத்தைத் தாண்டி நம்பர் மேலே போயிருக்கிறது. திறந்து கிடந்த வாசல் வழியாக உள்ளே வந்தவனுக்குப் பெயரும் வைத்து, சிஸ்டரின் விளக்கையும் கொடுத்தவன் நான்.

"அண்ணே, உங்களுக்கு என்ன டூட்டி?" என்று கேட்டேன்.

"ஒரு வாரம் காலைல, ஒரு வாரம் மத்தியானம். ராத்திரி ஹால்லதான் படுப்பேன், டூட்டிக்குக் கிளம்பறப்ப மட்டும் இந்த ரூம் லைட்டைப் போடுவேன். ஏன், சரியாகலையா?"

"ஆயிடுச்சு" என்றேன்.

இரண்டு நிமிடத்தில் படியேறிப் போய்க் காத்திருந்து சொல்லியிருக்கலாம். நான் என்ன செய்தேன்? படியிலேயே நின்று, போனில் ஏழாவதை அழித்தேன். ஒரு தொடுதல், அவ்வளவுதான். காதும் காதும் வைத்தாற்போல் வேலை முடிந்தது, இனி விளக்கு எரியாது, எரியாவிட்டால் டாக்டரும் வேண்டாம் என்று விட்டுவிடுவார்கள், என் பெயரும் கெடாது. இப்படிக் கணக்குப் போட்டுக்கொண்டு அவர்கள் ஆட்டோ வருவதற்குள் கம்பி நீட்டினேன்.

ஒரு வாரம் கழித்து மகன் ஊரிலிருந்து பேசினார். அவ்வளவு சந்தோஷமான குரலை அவரிடம் நான் கேட்டதே இல்லை. "அண்ணே, டாக்டர் கொடுத்த மாத்திரை நல்லா வேலை செய்யுது! காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. ஆரம்பிச்ச நாள்ல இருந்து ஒரு தடவைகூட அம்மா அந்த ஸ்விட்சைத் தொடல."

காதில் யாரோ அறைந்த மாதிரி இருந்தது. விளக்கு நின்றால் சிஸ்டர் தப்பித்துவிடுவார் என்று நினைத்தேன். நின்றதுதான் அவருக்கு நோய் என்பதற்கே அத்தாட்சியாகிவிட்டது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"ரொம்ப சந்தோஷம் சார்" என்றேன். இதை எழுதும்போதுகூட நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அதன்பிறகு அந்தத் தெரு வழியாகப் போவதையே விட்டேன். சுற்றிப் போனேன். கடைக்காரர், "என்னப்பா, ஏதாவது திருடிட்டு ஓடறியா?" என்று கிண்டல் செய்தார். முகத்தில் ஈ ஆடவில்லை எனக்கு.

ஏழாவதை அழித்ததிலிருந்து பத்தொன்பதாம் நாள் சிஸ்டரே கூப்பிட்டார். மறுநாள் மகன் கூட்டிப்போக வருகிறார், மெயினை நிறுத்தி, ஃப்ரிட்ஜையும் ஹீட்டரையும் கழற்றிவைக்க வேண்டும். போகாமல் இருக்க முடியவில்லை.

வீடு பாதி காலியாகியிருந்தது. கட்டிலில் மெத்தை இல்லை. ஃப்ரிட்ஜ் கதவில் அட்டை இல்லை, மூலையில் பழைய தாள்களோடு கிடந்தது. அதைப் பார்த்ததும் கால் அங்கேயே நின்றுவிட்டது.

"பத்து மணின்னு சொன்ன, பத்துக்கே வந்துட்ட" என்றார். எழுதப் பென்சில் தேடவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து தன் வலது கையை இடது கையால் தடவிக்கொண்டிருந்தார். "தம்பி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். உன் வேலையில குறை சொன்னேன். ரெண்டு தடவை உன்னை அலைய விட்டேன். மனசுல வச்சுக்காத."

"சிஸ்டர்..."

"நான்தான் அழுத்தியிருக்கேன். மாத்திரை போட்டதும் நின்னுபோச்சே, அப்புறம் என்ன? அழுத்துனது கூட பரவாயில்ல. அழுத்திட்டு, தானா எரிஞ்சுதுன்னு நேரம் போட்டு எழுதியிருக்கேன் பாரு. முப்பத்துநாலு வருஷத்துல ஒரு சார்ட் பொய்யா எழுதினதில்ல. இப்ப அதைத்தான் யோசிச்சுக்கிட்டே இருக்கேன். அப்ப எழுதினதுலயும் எத்தனை பொய்யோ, யாருக்கு எந்த மருந்தை மாத்திக் கொடுத்தேனோ..."

என்னால் அதற்கு மேல் கேட்க முடியவில்லை. தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினேன். பத்து நிமிட வாசல், ஏழு, கீழ் வீடு, அழித்தது, எல்லாம்.

அவர் நம்பவில்லை. அதுதான் எனக்குக் கிடைத்த முதல் அடி. "என்னைத் தேத்தறதுக்காகச் சொல்லாத தம்பி. சாகப்போறவங்ககிட்ட நாளைக்கு வீட்டுக்குப் போயிடலாம்னு நானும்தான் சொல்லியிருக்கேன்" என்றார்.

கீழே ஓடினேன். டிரைவருக்கு அந்த வாரம் மத்தியான டூட்டி, வீட்டில்தான் இருந்தார். அவர் ஸ்விட்சுக்குப் பக்கத்தில் நின்று ஹப்பின் வாசலைத் திறந்தேன், ஒரே ஒரு நிமிடம். "அழுத்துங்க" என்றேன். ஏழாவது மறுபடி பட்டியலில் வந்து உட்கார்ந்தது. படுக்கையறை விளக்கோடு கோத்தேன். "நான் மேல போய்க் குரல் கொடுத்ததும் அழுத்திக்கிட்டே இருங்க, நிறுத்தாதீங்க" என்று சொல்லிவிட்டு மேலே ஓடி, சிஸ்டரை மெத்தையில்லாத அந்தக் கட்டிலில் உட்காரவைத்து, ஜன்னல் வழியாகக் கத்தினேன்.

விளக்கு எரிந்தது. அணைந்தது. எரிந்தது. சிஸ்டர் தன் இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்து, ஒரு தடவை விளக்கை, ஒரு தடவை கைகளை என்று மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. என்னவோ ஏதோ என்று டிரைவரே மேலே வந்தபிறகுதான் அது நின்றது.

சிஸ்டர் எழுந்து போய் மூலையில் கிடந்த அட்டையை எடுத்துத் தூசி தட்டினார். டிரைவரிடம் ஒவ்வொரு வாரமாகக் கேட்டார். எந்த வாரம் காலை டூட்டி, எத்தனை மணிக்குக் கிளம்பினார், எந்தக் கிழமை லீவு. அவர் சொல்லச் சொல்லப் பென்சிலால் ஒவ்வொரு கட்டத்திலும் டிக் போட்டார். ஒரு கட்டம்கூடத் தப்பவில்லை. டிரைவர் சங்கடத்தோடு, "அம்மா, என்னால உங்களுக்குத் தொந்தரவா?" என்றார். "உங்களால இல்லப்பா, நீங்க உங்க லைட்டைத்தானே போட்டீங்க" என்று அவரை அனுப்பிவைத்தார்.

என்னைத் திட்டுவார் என்று தலையைக் குனிந்து காத்திருந்தேன். திட்டவில்லை. மகனுக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்தார். மகனிடம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "டாக்டர்கிட்ட அம்மா சொன்னது எதையும் நான் சொல்லல அண்ணே. நீங்க சொன்னதைத்தான் சொன்னேன்" என்றார். வைத்துவிட்டார்.

சிஸ்டர் ஒரு வெள்ளைத் தாளை என் முன்னால் வைத்தார். "வார்டுல மருந்து மாறிப்போனா, மாத்தினவங்க தன் கையால எழுதிக் கொடுக்கணும். எவ்வளவு பெரிய டாக்டரா இருந்தாலும் சரி. எழுது."

எழுதினேன். எலக்ட்ரீஷியன் கையெழுத்து சும்மாவே கோணல், அன்றைக்கு இன்னும் மோசம். வாங்கிப் படித்தார்.

"தேதி ஒண்ணுதான் போட்டிருக்க. ரெண்டு தேதி வேணும். உனக்குத் தெரிஞ்ச தேதி எது, நீ சொன்ன தேதி எது?"

இரண்டையும் எழுதினேன். அவர் விரல் விட்டு எண்ணினார். மேஜை மேலிருந்த மாத்திரை அட்டைகளை எடுத்து, காலியான குழிகளையும் எண்ணினார்.

"பத்தொம்பது நாள். முப்பத்தெட்டு மாத்திரை. முதல்ல பண்ணது தப்பு தம்பி, அது யாருக்கும் வரும். எனக்கும் வந்திருக்கு. இந்தப் பத்தொம்பது நாள் என்னன்னு நீயே பேர் வச்சுக்கோ" என்றார்.

மகன் மறுநாள் வந்தார், டாக்டரிடம் அழைத்துப் போனார், மாத்திரையை நிறுத்தினார்கள். மெத்தை கட்டிலுக்குத் திரும்பியது, அட்டை ஃப்ரிட்ஜுக்குத் திரும்பியது. ஏழாவதை அவர் கண் முன்னால் மறுபடி அழித்தேன். சிஸ்டர் அந்த வீட்டில்தான் இருக்கிறார். வேறு எலக்ட்ரீஷியனைப் பார்த்துக்கொள்வார் என்று நினைத்தேன், என்னைத்தான் கூப்பிடுகிறார். சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னாலேயே போய் வாசலில் நிற்கிறேன்.

போன வாரம் சமையலறை விளக்கு மாற்றப் போயிருந்தேன். வேலை முடிந்ததும் அவரே வந்து ஸ்விட்சை அழுத்திப் பார்த்தார். டக். விளக்கு எரிந்தது. உடனே அவர் விளக்கைப் பார்க்கவில்லை. தன் விரலைப் பார்த்தார், நான்தானே அழுத்தினேன் என்பது போல. அது அவருக்கு இப்போது பழக்கமாகிவிட்டது, எல்லா ஸ்விட்சிலும் அப்படித்தான் செய்கிறார். நான் பார்த்தும் பார்க்காதது போல ஸ்க்ரூடிரைவரைத் துடைத்துப் பைக்குள் வைத்தேன்.